தாய் வளவில் மூன்று குழி, ஒரு கிணறு

மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள எழுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீளமான கடிதம். அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு 5 வயதில் ஒரு மகனும் 10 மாதத்தில் ஒரு மகளும் இருக்கிறார்கள். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். தாயார் கூடவே இருக்கிறார். கார்த்திகையில் மழை தொடங்கிய பிறகு மகனுக்கு மூன்று தரம் வயிற்றோட்டம் வந்திருக்கிறது. மூன்றாம் தரம் கைக்குழந்தைக்கும் வந்து, இரண்டு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அறிக்கையில் 100 மில்லிலீற்றரில் 18 ஈ.கோலி பக்டீரியா என்று வந்திருக்கிறது.

கிணற்றிலிருந்து 25 அடியில், கடற்பக்கமாக, தங்கச்சியின் மலசலகூடக் குழி இருக்கிறது. தாய் வளவைப் பிரித்து, தங்கச்சிக்குச் சீதனமாக வீடு கட்டியபோது இரண்டு வருடத்துக்கு முன் வெட்டிய குழி அது. இவர்களின் சொந்தக் குழி றோட்டுப் பக்கமாக, கிணற்றிலிருந்து 40 அடியில். 20 வருடத்துக்கு முன் மூடிய பழைய குழி ஒன்றும் உண்டு. அதன் மேல் இப்போது கோழிக்கூடு. அறிக்கை வந்த அன்றே அக்காவும் தங்கச்சியும் வாய்த்தர்க்கப்பட்டு, ஒரு மாதமாகப் பேச்சில்லை. "நாப்பது வருசமா நாங்க இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறம், கண்ணாடி மாதிரி இரிக்கி" என்று அம்மா சொல்கிறார்.

அவர் கேட்பவை: தங்கச்சியின் குழிதான் காரணமா, முறைப்பாடு செய்யலாமா? மாதம் ஒரு பிடி பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லிக் கடைக்காரர் சொன்னாரே, போதுமா? 60 அடியில் குழாய்க்கிணறு அடித்தால் தீருமா? குழாய்நீர் எடுக்கலாம், ஆனால் அது மணக்கிறது என்று அம்மா வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

மகள், உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கைக்குழந்தையை நினைத்து வாசித்தேன். இரண்டாம் தரம் நீங்கள் வரைந்து அனுப்பிய வளவுப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். உங்கள் முதற்கேள்விக்கான பதில் நீங்கள் எதிர்பார்ப்பது போல இருக்காது. அதைச் சொல்வதற்கு முன் குழந்தைகளின் காரியத்தைப் பார்த்துவிடுவோம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

குடிக்கிற தண்ணீர், பால் கரைக்கிற தண்ணீர், பல் துலக்குகிற தண்ணீர், பச்சையாகச் சாப்பிடும் மரக்கறி கழுவுகிற தண்ணீர் எல்லாம் கொதித்தாறியதாகவே இருக்கட்டும். குமிழி பொங்கி முழுதாகக் கொதிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம் போதும். அரைமணித்தியாலம் கொதிக்க வைத்துக் காஸை வீணாக்க வேண்டாம். சோறு, சொதி போல அடுப்பில் கொதிப்பவற்றுக்குக் கிணற்றுத் தண்ணீரையே பாவிக்கலாம்.

"குழந்தைக்கு மட்டும் கொதிக்க வைக்கிறேன், பால் போத்தலைக் கிணற்றடியில் நன்றாகக் கழுவுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கழுவலிலேயே கிருமி திரும்பப் போத்தலுக்குள் போய்விடுகிறது. கழுவிய போத்தலையும் சூப்பியையும் கொதிநீரில் போட்டு எடுங்கள். கோப்பையும் கரண்டியும் பாவிக்க முடிந்தால் போத்தலை விட்டுவிடுவது இன்னும் நல்லது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்; வயிற்றோட்டம் வந்தால் இன்னும் அடிக்கடி கொடுங்கள்.

கொதித்தாறிய நீரைக் குடத்தில் ஊற்றி, எல்லாரும் செம்பை விட்டு அள்ளுவது நம் வீடுகளின் பழக்கம். ஒரு கை பட்டால் அதுவரை செய்த வேலை வீண். மூடியும் அடியில் திருகுபைப்பும் உள்ள பாத்திரம் ஒன்று வாங்குங்கள். துணியில் வடிப்பது பூச்சியையும் தூசியையும் பிடிக்கும், பக்டீரியாவைப் பிடிக்காது.

மறுபடி வயிற்றோட்டம் வந்தால், இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனிப் பைக்கற்றை அதில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கண் குழிவிழுந்தால், சிறுநீர் குறைந்தால், பிள்ளை சோர்ந்து பால் குடிக்காவிட்டால், மலத்தில் இரத்தம் வந்தால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சல் நாட்கணக்கில் நீடித்தாலும் அப்படித்தான். நெருப்புக் காய்ச்சலும் செங்கண்மாரியும் இதே தண்ணீர் வழியாக வரக்கூடியவை.

கண்ணாடி மாதிரித் தண்ணீர்

அம்மா பொய் சொல்லவில்லை. எழுவான்கரை மணல், தண்ணீரைக் கண்ணாடி போலத்தான் தரும். ஆனால் ஒரு குவளைத் தண்ணீரில் ஆயிரக்கணக்கான பக்டீரியா இருந்தாலும் நிறம் மாறாது, ருசி மாறாது. ஈ.கோலி மனிதரின், ஆடு மாடு நாய் கோழியின் குடலில் வாழ்வது. அதில் பெரும்பாலானவை தாமாகத் தீங்கு செய்வதில்லை. அது தண்ணீரில் தெரிந்தால், அண்மையில் மலம் கலந்திருக்கிறது, மலத்தோடு வரக்கூடிய மற்ற நோய்க்கிருமிகளும் இருக்கலாம் என்று பொருள். அதனால்தான் குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 18 என்பது "கொஞ்சம்தானே" என்று விடக்கூடிய எண் அல்ல.

நாற்பது வருடம் குடித்ததும் உண்மைதான். ஆனால் அந்த நாற்பது வருடமும் வளவு இப்படியா இருந்தது? அம்மா கலியாணம் முடித்தபோது அங்கே ஒரு வீடு, ஒரு கிணறு, தூரத்தில் ஒரு குழி. நம் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தாய் வளவைப் பிரித்து வீடு கட்டிக் கொடுப்பது முறை. ஒரு வளவு இரண்டாகும், மூன்றாகும். கிணறு இருந்த இடத்திலேயே இருக்கும். குழிகள் அதைச் சுற்றி வரும். எழுவான்கரை முழுக்கத் தண்ணீர் கெடுவதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. பிள்ளைகளை அருகில் வைத்துக்கொள்ளும் அருமையான வழக்கம் அது. அந்தக் காலத்து வளவின் அகலத்தை நம்பி உண்டானது. அகலம் போன பிறகு குழியை எங்கே வெட்டுவது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

அம்மாவின் உடம்பு சிறு வயதிலிருந்தே பல கிருமிகளைக் கண்டு பழகியது. 10 மாதக் குழந்தைக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பதையும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மாரியில் ஏன், கச்சானில் ஏன் இல்லை?

மலசலகூடக் குழியிலிருந்து கீழே கசியும் நீரை, நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் ஈரம் குறைந்த மண்தான் வடிக்கிறது. அந்த மண்ணின் இடைவெளிகளில் காற்று இருக்கும். கசிவு மெதுவாக இறங்கும். கிருமிகள் மண்துகளில் ஒட்டி அங்கேயே சாகும். குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் 2 மீற்றர் அளவு அப்படியான மண் இருந்தால் நல்ல பாதுகாப்பு. கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் உங்கள் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும்போது ஓரளவாவது அந்த இடைவெளி கிடைக்கிறது.

மாரியில் என்ன நடக்கிறது? ஐப்பசி கடைசி தொடங்கித் தை வரை பெய்கிற மழையில் நீர்மட்டம் ஏறிக்கொண்டே வருகிறது. வாவியும் நிரம்பி, கடலில் கலக்கும் முகத்துவாரத்தை வெட்டித் திறக்கும் வரை வடிய வழியில்லை. உங்கள் கிணற்றில் இப்போது கையெட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் குழிகளின் அடிப்பகுதி தண்ணீருக்குள் நிற்கிறது. வடிக்கிற மண் என்று ஒன்று மிச்சமில்லை. குழியும் கிணறும் ஒரே தண்ணீரில் இரண்டு ஓட்டைகள் போல ஆகிவிடுகின்றன. கடற்கரை மணல் பருமனானது, நீர் அதில் வேகமாக நகரும். கிருமியோ நிலத்தடி நீரில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 50 அடி வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மணலும் மாரியும் சேர்ந்த இடத்தில் அந்த 50 அடியைக்கூட நான் முழுதாக நம்பமாட்டேன்.

2011 தை மாதப் பெருவெள்ளம் போல வெள்ளம் கிணற்றுக் கட்டையே மூடும் வருடங்களில் நிலத்துக்கு மேலாலேயே அழுக்கு உள்ளே வந்துவிடும். உங்கள் வீட்டில் இந்த முறை அது நடக்கவில்லை. எனவே கீழாலும், கிணற்றடியாலும்தான் வந்திருக்க வேண்டும்.

சரி, யாருடைய குழி?

பழைய குழியை விட்டுவிடுங்கள். 20 வருடம் பாவிக்காத குழியில் ஈ.கோலி மிஞ்சியிருக்காது. அதன் மேலுள்ள கோழிக்கூட்டைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

மற்ற இரண்டில், எழுவான்கரையின் அமைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு. மழைநீர் அந்தத் திட்டுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராக மிதந்து நிற்கிறது. நடுமேட்டிலிருந்து அது இரு பக்கமும் மெதுவாக வழிகிறது. உங்கள் வீடு றோட்டுக்குக் கடற்பக்கம். ஆகவே உங்கள் வளவில் நிலத்தடி நீர் பெரும்பாலும் றோட்டிலிருந்து கடலை நோக்கித்தான் போகும். அந்த வழியில் கிணற்றுக்கு முன்னால் இருப்பது உங்கள் சொந்தக் குழி. தங்கச்சியின் குழி கிணற்றுக்குப் பின்னால்.

இதனால் தங்கச்சியின் குழி குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. 25 அடி மிகவும் கிட்ட. நீங்கள் மோட்டர் போட்டு இறைக்கும்போது கிணறு எல்லாப் பக்கத்திலிருந்தும் தண்ணீரை இழுக்கும். ஆனால் அறிக்கையில் உள்ள 18 எந்தக் குழியிலிருந்து வந்தது, மனிதனுடையதா கோழியினுடையதா என்று அந்தப் பரிசோதனை சொல்லாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தங்கச்சியைக் குற்றவாளியாக்க முடியாது.

இன்னொன்று, மனம் நோகாமல் கேளுங்கள். "குழந்தையின் துணிகளைக் கிணற்றடியில்தான் அலசுவேன்" என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கைக்குழந்தையின் மலம் அழுக்கில்லை என்ற எண்ணம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அதிலும் ஈ.கோலி உண்டு, நோய்வாய்ப்பட்ட குழந்தையென்றால் நோய்க்கிருமியும் உண்டு. கிணற்றடிச் சீமெந்து வெடித்திருக்கிறது, வாளி நிலத்தில் கிடக்கிறது, கோழி அங்கே மேய்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வெடிப்பு வழியாகக் கழுவிய தண்ணீர் கிணற்றுக்கே திரும்புகிறது. என்னைக் கேட்டால், இரண்டு குழிகளோடு இந்தக் கிணற்றடியையும் சமமான சந்தேகத்தில் வைப்பேன். மூன்றிலும் மிகக் குறைந்த செலவில் திருத்தக்கூடியதும் இதுதான்.

மலத் துணியின் தண்ணீரை மலசலகூடத்தில் ஊற்றுங்கள். கிணற்றைச் சுற்றி ஒரு மீற்றருக்குக் குறையாமல் வெடிப்பில்லாத சீமெந்துத் தளம் போட்டு, வழியும் நீர் தூரத்து வாழைக்குப் போகும்படி சிறு கான் கட்டுங்கள். வாளியைக் கொழுவி வையுங்கள். கோழிக்கூட்டை வளவின் கடற்பக்க மூலைக்கு மாற்றுங்கள்.

முறைப்பாடு

உரிமை உங்களுக்கு இருக்கிறது. சுகாதாரத்துக்குக் கேடான குழியைத் திருத்தச் சொல்லவும், கேட்காவிட்டால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. தொல்லைகள் கட்டளைச் சட்டம் 1862ஆம் ஆண்டிலிருந்தே இருப்பது. வீட்டுக்கு அனுமதி கொடுத்த பிரதேச சபையிடமும் கேட்கலாம். ஆனால் அதிகாரி வளவுக்குள் வந்தால் ஒரு குழியை மட்டும் பார்க்கமாட்டார். உங்கள் 40 அடியும் 50க்குக் குறைவுதான். நீங்கள் கொடுக்கும் முறைப்பாடு உங்கள் பெயரிலும் திரும்பும்.

நான் சொல்வது, முதலில் தங்கச்சியோடு பேசுங்கள். அவர் வீட்டுக்கும் இதே கிணறு, அவர் பிள்ளைகளுக்கும் இதே தண்ணீர்தானே? அறிக்கையையும் வளவுப் படத்தையும் கையில் கொண்டு போங்கள். "உன் குழி" என்று தொடங்காமல் "எங்கட ரெண்டு குழியும்" என்று தொடங்குங்கள். பேச்சு எடுபடாவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. நீதிமன்றம் அதற்கும் பிறகுதான்.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து, அடியும் சுவரும் கசியாமல் சீமெந்தால் கட்டிய மலத்தாங்கி ஒன்றை வளவின் கடற்பக்க எல்லையில் கட்டலாம். அதிலிருந்து வெளியேறும் நீரை உயர்த்திய மணற்படுக்கையில் ஆழமில்லாமல் ஊற விடலாம். செலவைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்து வளவின் கிணறு அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பார்க்காமல் இடத்தைக் குறிக்க வேண்டாம். மாரி முடியும் வரை குழி வெட்ட வேண்டாம். வெட்டினாலும் தண்ணீர் நிற்கும்.

பிளீச்சிங் பவுடர், குழாய்க்கிணறு, குழாய்நீர்

"மாதம் ஒரு பிடி" என்பது கணக்கில்லாத கணக்கு. உங்கள் கிணறு 4 அடி அகலம், இப்போது 7 அடித் தண்ணீர் என்கிறீர்கள். அது ஏறக்குறைய 2,500 லீற்றர். கிணற்றைக் கழுவி எடுக்கும் அளவுக்கு, அதாவது லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் சேர்வதற்கு, 30 வீதம் பலமுள்ள புதுப் பவுடரில் சுமார் 400 கிராம் வேண்டும். கச்சானில் 3 அடித் தண்ணீர் நிற்கும்போது அதில் பாதியும் தேவையில்லை. கடையில் திறந்த பையில் கிடந்த பவுடர் என்றால் பலம் போயிருக்கும். எவ்வளவு போட்டாலும் நம்ப முடியாது. எனவே பரிசோதகரையே வந்து செய்யச் சொல்லுங்கள். வாளியில் கரைத்துத் தெளிய விட்டு, தெளிந்ததை ஊற்றிக் கலக்கி, மோட்டரையும் மேல்தாங்கியையும் அதே தண்ணீரால் நிரப்பி, ஒரு நாள் விட்டுப் பிறகு மணம் குறையும் வரை இறைக்க வேண்டும். டெங்குக்காகக் கிணற்றில் விட்ட மீன் இருந்தால் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

ஒரேயடியாக மோட்டர் போட்டு அடிமட்டும் வற்ற இறைக்க வேண்டாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் கிணறுகளைத் துப்புரவாக்கவென்று திரும்பத் திரும்ப இறைத்ததில், கீழே கிடந்த உவர்நீர் மேலே ஏறிப் பல கிணறுகள் இன்னும் உவர்த்தன. நிலம் ஊறிய மாரியில் கிணற்று வளையங்களும் சரியக்கூடும்.

எப்படிச் செய்தாலும் குளோரின் அன்றைக்குக் கிணற்றில் நிற்கும் தண்ணீரைத்தான் சுத்தமாக்கும். நாளைக்கு ஊறி வருவது புதுத் தண்ணீர். குழியும் கிணற்றடியும் திருந்தாமல் பவுடர் போடுவது சில நாள் நிம்மதி மட்டுமே.

60 அடிக் குழாய்க்கிணற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். நன்னீர் மெல்லிய படையாக மிதக்கும் திட்டில் ஆழம் போகப் போக உவர்தான் வரும்.

குழாய்நீரை எடுங்கள். கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று நம் வீடுகளுக்கு வருவது உன்னிச்சைக் குளத்து நீர். வவுணதீவில் சுத்திகரித்து அனுப்புவது. அம்மாவுக்குப் பிடிக்காத அந்த மணம், வழியில் கிருமி சேர்ந்தாலும் கொல்வதற்காக விட்டுவைத்த குளோரினின் மணம். இறுக்கி மூடாத பாத்திரத்தில் சில மணித்தியாலம் வைத்தால் குறையும். தண்ணீர் நின்று நின்று வரும் நாட்களில் முதலில் வருவதைச் செடிக்கு விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். அந்த நாட்களில் குழந்தைக்குக் கொதிக்க வைத்தே கொடுங்கள். கிணற்றை மூட வேண்டாம். குளிக்க, துணி துவைக்க, செடிக்கு அது இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. குழிகள் நெருங்கிய மணல் நிலத்தில், கழிவிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று என்ற உப்பும் தண்ணீரில் சேரும். கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த, பால்மா கரைத்துக் கொடுக்கும் குழந்தைகளுக்குத்தான் அதில் ஆபத்து அதிகம். உங்கள் மகள் அந்த வயதைக் கடந்துவிட்டா. ஆனால் தங்கச்சி இப்போது கர்ப்பமாக இருக்கிறா என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழந்தை பிறக்கும் முன் நைத்திரேற்றின் அளவு தெரிய வேண்டும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், அந்தக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தாலும் பால்மா கரைக்கப் பாவிக்கக் கூடாது.

கிணற்றடியைக் கட்டி, கோழிக்கூட்டை மாற்றி, குளோரின் போட்டு இரண்டு வாரம் கழித்து, மணம் முழுதாகப் போன பிறகு இன்னொரு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பரிசோதகர் கொண்டுவரும் கிருமி நீக்கிய போத்தலில்தான் எடுக்க வேண்டும், ஐஸில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். நைத்திரேற்றையும் சேர்த்துப் பார்க்கக் கேளுங்கள். அடுத்த மாரியில், மழை பிடித்து ஒரு மாதத்தில், மூன்றாவது மாதிரி. மாதிரி எடுக்கிற நாளைத் தங்கச்சிக்கும் சொல்லிவிடுங்கள், அவரும் வந்து நின்று பார்க்கட்டும்.